கான்ஃபரன்ஸ் மாறும் கல்லூரிகள்: செய்தியைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஆகஸ்டிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ.வும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் ஒரே கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் போட்டியிடும் பல்கலைக்கழகங்களின் கூட்டணியில், இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டான்ஃபோர்டு, அட்லாண்டிக் கரையின் பெயரை வைத்திருக்கும் ஏ.சி.சி.யில் ஆடுகிறது. யு.சி.எல்.ஏ. இருக்கும் பிக் டென்னில் 18 பல்கலைக்கழகங்கள், இன்னொரு கான்ஃபரன்ஸான பிக் 12-இல் 16. பிள்ளைகள் அங்கே படிக்கப் போனதால் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பார்க்கத் தொடங்கியவர்கள் "என்ன குளறுபடி இது?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் குளறுபடி என்று ஒதுக்கிவிட்டால் விஷயம் பிடிபடாது. ஏறக்குறைய ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் பின்னால் ஓர் ஒளிபரப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அது எந்தத் தேதியில் முடிகிறது, பணம் எப்படிப் பிரிகிறது என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டால் மிச்சம் பெரும்பாலும் விளங்கிவிடும். இந்த இரண்டையும் கவனிக்காததால்தான் கீழே சொல்லும் தவறுகள் வருகின்றன.

எல்லாவற்றுக்கும், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளின் மேலமைப்பான என்.சி.ஏ.ஏ.வைக் குற்றம் சொல்வதில் தொடங்குவோம். "என்.சி.ஏ.ஏ. ஏன் இதைத் தடுக்கவில்லை?" என்று ரசிகர்கள் இன்னும் கேட்கிறார்கள். தடுக்கும் அதிகாரம் அதன் கையைவிட்டுப் போய் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1984 வரை எந்த ஆட்டம் டிவியில் வரும், ஓர் அணி எத்தனை முறை வரலாம் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானித்தது. டிவியில் நிறையக் காட்டினால் மைதானத்துக்குக் கூட்டம் வராது என்பது அதன் வாதம். ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. அந்தக் கட்டுப்பாடு ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் வைட். கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரராக இருந்தவர். அன்றிலிருந்து கால்பந்து ஒளிபரப்பு உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் கான்ஃபரன்ஸ்களுக்கும் சொந்தம். தேசிய சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் பிளேஆஃப் தொடரைக்கூட என்.சி.ஏ.ஏ. நடத்துவதில்லை, கான்ஃபரன்ஸ்களும், கால்பந்தில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத நோட்டர் டேம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகின்றன.

அடுத்தது, தலைப்பில் வரும் மொத்தத் தொகையைப் பார்த்து மலைத்துப்போவது. 2022-இல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. என்ற மூன்று டிவி நிறுவனங்களோடும் பிக் டென் செய்த ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல். சரி, பெரிய தொகைதான். ஆனால் ஆண்டுக்கு எவ்வளவு, ஒரு பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்த பிறகுதான் இன்னொரு கான்ஃபரன்ஸோடு ஒப்பிட முடியும். அதைவிடவும் முக்கியம், அந்த ஒப்பந்தம் எப்போது பேசப்பட்டது என்பது. தென்கிழக்கு மாநிலங்களின் கான்ஃபரன்ஸான எஸ்.இ.சி.யின் சனிக்கிழமை முக்கிய ஆட்டத்துக்கு சி.பி.எஸ். ஆண்டுக்கு 5.5 கோடி டாலர்தான் கொடுத்துவந்தது. பழைய காலத்து விலை. 2024 முதல் அதே உரிமைக்கு விளையாட்டுச் சேனலான இ.எஸ்.பி.என். கொடுப்பது சுமார் 30 கோடி. ஆட்டம் அதே ஆட்டம்தான். ஒப்பந்தம் முடிந்து புதிதாகப் பேரம் பேசும் வாய்ப்பு வந்தது, விலை ஏறியது.

பேக் 12 எப்படிச் சிதைந்தது

ஒரு கான்ஃபரன்ஸ் அழிந்தால் அதன் அணிகள் சரியாக ஆடவில்லை என்று நினைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 1915-இல் தொடங்கிய மேற்குக் கரைப் பாரம்பரியக் கான்ஃபரன்ஸ் பேக் 12. பழைய வடிவத்தில் அது ஆடிய கடைசிப் பருவமான 2023-இல்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகம் தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. அணிகளில் குறை இல்லை, தேதிகளில்தான் இருந்தது.

2011-இல் இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் இரண்டோடும் 12 ஆண்டுகளுக்கு 300 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டபோது பேக் 12 எல்லோருக்கும் முன்னால் நின்றது. அப்புறம் 2012-இல் சொந்தமாகச் சேனல் தொடங்கியது. பிக் டென் தன் சேனலை ஃபாக்ஸோடு கூட்டுச் சேர்ந்து நடத்துகிறது, எஸ்.இ.சி. சேனல் இ.எஸ்.பி.என். பொறுப்பில் இருக்கிறது. பேக் 12 மட்டும் முழு உரிமையையும் தானே வைத்துக்கொண்டது. பங்கு கொடுக்காததால் பக்கபலமாக நிற்கும் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. டைரக்ட்டிவி என்ற பெரிய செயற்கைக்கோள் டிவி சேவையில் அந்தச் சேனல் கடைசி வரை வரவே இல்லை. 12 ஆண்டு என்பது நீண்ட காலம். மற்றவர்கள் இடையில் புதுப்பித்துப் புது விலை வாங்கினார்கள், பேக் 12 பழைய விலையிலேயே உட்கார்ந்திருந்தது.

அந்த ஒப்பந்தம் முடியும் ஆண்டு 2024. லாஸ் ஏஞ்சலிஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக 2022 ஜூன் 30 அன்று அறிவித்தபோது, சேரும் ஆண்டாக 2024-ஐக் குறித்ததற்குக் காரணம் இதுதான். உரிமைகள் அப்போது விடுபட்டுவிடும்.

மீதமிருந்த பத்துக்கும் இ.எஸ்.பி.என். ஆளுக்குச் சுமார் 3 கோடி டாலர் தர முன்வந்ததாகவும், பேக் 12 தரப்பு 5 கோடி கேட்டதாகவும் பின்னர் செய்திகள் வந்தன. இதற்கிடையில் பிக் 12 முந்திக்கொண்டது. 2025 வரை ஒப்பந்தம் இருந்தும், 2022 அக்டோபரிலேயே அதே இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸோடு ஆறு ஆண்டுக்கு 228 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. ஆளுக்குச் சராசரி 3.17 கோடி. பேக் 12-க்காக வைத்திருந்த பணமும் இடமும் அங்கே போய்விட்டன. அந்த ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்தும் இருந்தது: பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றிலிருந்து புதிதாக ஓர் அணி வந்து சேர்ந்தால் அதற்கும் முழுப் பங்கு உண்டு, பழைய உறுப்பினர்களின் பங்கு குறையாது. செய்திகளில் ஒரு வரியாக வந்துபோன ஷரத்து அது. 2023 ஜூலை 27 அன்று கொலராடோ அந்த வாசல் வழியாகத்தான் போனது.

கடைசியில் பேக் 12-இன் கையில் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தம் மட்டுமே. எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்களோ அதைப் பொறுத்து ஏறும் வருமானம். 2023 ஆகஸ்ட் 4 காலை, மிச்சமிருந்த ஒன்பது பல்கலைக்கழகங்களும் அதில் கையெழுத்திடக் கூடுவதாக இருந்தது. வாஷிங்டனும் ஓரிகனும் பின்வாங்கின. அன்றே அவை இரண்டும் பிக் டென்னில் சேர்ந்தன. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்குப் போயின. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவின் இன்னொரு பல்கலைக்கழகமான பெர்க்லியும் ஏ.சி.சி.க்குப் போனபின் எஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டு மட்டும். அவை எந்தத் தவறும் செய்யவில்லை. கோர்வாலிஸ், புல்மேன் என்ற சிறிய ஊர்களில் இருக்கின்றன, அவ்வளவுதான். நீதிமன்றம் போய்க் கான்ஃபரன்ஸின் நிர்வாகத்தைத் தங்கள் கையில் வாங்கிக்கொண்டு, இரண்டே அணிகளாக இரண்டு பருவங்கள் கால்பந்து ஆடின. பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பெயரைக் காப்பாற்ற அவர்கள் எடுத்த முயற்சிக்கு என் மனதில் மிகுந்த மரியாதை உண்டு.

அபராதம் வேறு, உரிமை வேறு

"அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாமே" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. வெளியேறுவதற்கான கட்டணமும் 'கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்' என்ற உரிமை ஒப்படைப்பும் ஒன்றல்ல. தென்னந்தோப்பின் மகசூலைப் பத்து வருடக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தவர் ஊரைவிட்டே போனாலும் பத்து வருடத்துக்குத் தேங்காய் குத்தகைதாரருக்குத்தான். அதேபோல், ஒரு பல்கலைக்கழகம் தன் சொந்த மைதானத்து ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், அது எங்கே போய்ச் சேர்ந்தாலும் அந்த உரிமை பழைய இடத்தில்தான் இருக்கும். அப்படி வருகிற அணியைப் புதிய கான்ஃபரன்ஸ் எதற்காகச் சேர்த்துக்கொள்ளும்?

மேரிலாந்து ஏ.சி.சி.யை விட்டுப் போனபோது இந்தக் கட்டு இல்லை. ஏ.சி.சி. 5 கோடி டாலருக்கு மேல் கேட்டது, 3.14 கோடியில் சமரசம் ஆனது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 2013-இல் ஏ.சி.சி. தன் உறுப்பினர்களிடம் உரிமையை எழுதி வாங்கியது. 2016-இல் அதை 2036 வரை நீட்டியது. 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களிலும் தோற்காமல் ஏ.சி.சி. சாம்பியன் ஆகியும் நான்கு அணி பிளேஆஃபில் இடம் பெறவில்லை. அந்த டிசம்பரிலேயே ஏ.சி.சி. மீது வழக்குப் போட்டது. சில மாதங்களில் கிளெம்சனும் வழக்குத் தொடுத்தது.

வழக்கின் வழியே ஒரு விஷயம் வெளியே வந்தது. எல்லோரும் 2036 என்று சொல்லிக்கொண்டிருந்த இ.எஸ்.பி.என். ஒப்பந்தத்தில், 2027-க்குப் பிறகு தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை இ.எஸ்.பி.என்.னிடமே இருந்தது. 2025 ஜனவரியில்தான் அது தொடர்வதாகச் சொன்னது. ஆகவே முடியும் தேதியை மட்டும் பார்த்தால் போதாது. நடுவில் யாருக்கு விலகும் வசதி இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். 2025 மார்ச்சில் சமரசம் வந்தது: வெளியேறும் செலவு ஆண்டுதோறும் குறைந்து, 2030-31-இல் 7.5 கோடி டாலருக்கு வந்து நிற்கும். அதைக் கட்டினால் ஒளிபரப்பு உரிமையையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

டெக்சஸ், ஓக்லஹோமா கதையும் இதே கணக்குதான். 2021-இல் எஸ்.இ.சி.க்குப் போவதாக அறிவித்தவை, பிக் 12 கட்டு 2025 வரை இருந்ததால் காத்திருந்தன. ஓராண்டு முன்னதாக விடுபட இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலரை விட்டுக்கொடுத்தன.

எல்லோருக்கும் சம பங்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்

பிக் டென்னில் சேர்ந்துவிட்டால் பழைய உறுப்பினரான ஓஹையோ ஸ்டேட்டுக்குக் கிடைப்பதே எல்லோருக்கும் என்று நினைக்கிறோம். ஓரிகனும் வாஷிங்டனும் உள்ளே வந்தது ஏறக்குறையப் பாதிப் பங்குக்கு. ஓரிகன் அந்தப் பாதிப் பங்கோடு முதல் ஆண்டிலேயே, 2024-இல், தோல்வியே இல்லாமல் பிக் டென் பட்டத்தை வென்றது. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏ.சி.சி.யில் 30 சதவிகிதத்தில் தொடங்கின. டாலஸின் எஸ்.எம்.யு. ஒன்பது ஆண்டுகளுக்கு ஏ.சி.சி. ஒளிபரப்புப் பணமே வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்தது. வசதியான பழைய மாணவர்களிடமிருந்து ஒரு வாரத்துக்குள் 10 கோடி டாலர் திரட்டியது. முதல் பருவத்திலேயே பிளேஆஃபுக்கும் போனது. மேலே சொன்ன சமரசத்துக்குப் பிறகு ஏ.சி.சி.யில் அடிப்படை ஒளிபரப்புப் பணத்தின் 60 சதவிகிதம், எந்த அணியின் ஆட்டத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்துப் பிரிகிறது.

பழைய கணக்கை இன்றைக்குப் பொருத்துவதும் தவறுதான். 2014-இல் மேரிலாந்தையும் ரட்கர்ஸையும் பிக் டென் எடுத்தது நியூ யார்க், தலைநகர் வாஷிங்டன் வட்டாரங்களின் கேபிள் இணைப்புகளுக்காக. ஆட்டத்தைப் பார்க்காத வீட்டுக்காரரும் மாதச் சந்தாவில் பிக் டென் சேனலுக்குப் பணம் கட்டினார். இப்போது கேபிள் சந்தாவை நிறுத்திவிட்டவர்கள் ஏராளம். ஊரின் ஜனத்தொகையைவிட, அந்த அணியின் ஆட்டத்தைத் தேடிப்போய்ப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் விலை. "பெரிய நகரத்தில் இருக்கிறது, நிச்சயம் கூப்பிடுவார்கள்" என்று இனி சொல்ல முடியாது.

டிவி நிறுவனமே உட்கார்ந்து அணிகளை நகர்த்துகிறது என்பதும் முழு உண்மை இல்லை. 2021-இல் பிக் 12 ஆணையர் பாப் பௌல்ஸ்பி, இ.எஸ்.பி.என். தங்கள் உறுப்பினர்களை வேறு பக்கம் போகத் தூண்டுகிறது என்று குற்றம் சாட்டி நோட்டீஸ் அனுப்பினார், இ.எஸ்.பி.என். மறுத்தது. அழைப்பு கொடுப்பதும் ஏற்பதும் பல்கலைக்கழகத் தலைவர்களின் கையெழுத்து. விலையைச் சொல்வது டிவி. இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் பொறுப்பு யாருடையது என்பது மறைந்துவிடும்.

இதில் அதிகம் பேசப்படாதவர்கள் மற்ற விளையாட்டு மாணவர்கள். பணம் பெரும்பாலும் கால்பந்தால் வருகிறது, பயணம் எல்லோருக்கும். கால்பந்து அணி ஒரு பருவத்தில் நான்கைந்து முறை கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு வெளியூர் போகும், பெரும்பாலும் சனிக்கிழமை. வாலிபால், சாஃப்ட்பால் அணிகள் வார நடுவிலும் போக வேண்டும், மூன்று மணி நேர வித்தியாசத்தில் ஆட வேண்டும், திரும்பி வந்து தேர்வு எழுத வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரே பல்கலைக்கழக அமைப்பின் கீழ் இருக்கும் யு.சி.எல்.ஏ. போய்விட்டதால் பெர்க்லிக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்காக, யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு 1 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று அமைப்பின் ஆட்சிக்குழு முடிவு செய்தது. அப்படி ஈடு கேட்க அந்த மாணவர்களுக்கு யாரும் இல்லை.

நேரில் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. டிக்கெட்டில் தேதி இருக்கும், நேரம் பல சமயம் இருக்காது. தொடக்க நேரத்தை முடிவு செய்வது ஒளிபரப்பு நிறுவனங்கள். பல ஆட்டங்களுக்கு 12 நாள் முன்பு, சிலவற்றுக்கு 6 நாள் முன்புதான் தெரியவரும். அதற்குள் அன்றிரவுக்கே திரும்பும் விமானத்தைப் பதிவு செய்துவிட வேண்டாம்.

அடுத்த பெரிய அசைவு எப்போது என்று கேட்பவர்கள் வதந்திகளை விட்டுவிட்டுத் தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம். பிக் டென் ஒப்பந்தம் 2030 நடுவில் முடிகிறது. பிக் 12-உடையது 2031-இல். ஏ.சி.சி.யிலிருந்து வெளியேறும் செலவு அதே சமயத்தில்தான் அடிமட்டத்துக்கு வருகிறது. இ.எஸ்.பி.என். ஆண்டுக்கு 130 கோடி டாலர் கொடுக்கும் பிளேஆஃப் ஒப்பந்தம் 2031-32 பருவத்தோடு தீர்கிறது. யார் எங்கே போகிறார்கள் என்ற பேச்சு 2029-லேயே சூடுபிடித்துவிடும்.