மூன்று வருடக் கணக்கு: பிரிட்டனுக்கு அரசியல் படிக்க வருகிறவர்களுக்கு

அரசியல் பட்டப்படிப்புக்கு பிரிட்டன் வரப்போகிறேன் என்று ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால், "நாடாளுமன்றத்தில் பயிற்சி உண்டு என்று போட்டிருக்கிற கோர்ஸா?" என்றுதான் முதலில் கேட்பேன். ஆமாம் என்றால் போனை வைக்க விடமாட்டேன். அந்த ஒரு வரியை நம்பி வந்து சூடுபட்டவன் நான்.

மற்றதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதி (சி.ஏ.எஸ்) வரும், விசா போடுவீர்கள், வருடத்துக்கு 776 பவுண்ட் மருத்துவக் கட்டணம் கட்டுவீர்கள். இப்போது கையில் விசா அட்டை கிடையாது, இணையத்தில் இருக்கும் இ-விசாதான். மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்கு கவுன்சில் வரி (உள்ளாட்சிக்கு வீட்டுக்காகக் கட்டும் வரி) இல்லை; தப்பித் தவறிக் கடிதம் வந்தால் பல்கலைக்கழகச் சான்றிதழை அனுப்பிவிடுங்கள். கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. ஓர் அரசியல்வாதியின் அலுவலகத்தில் சம்பளமில்லாமல் பார்க்கும் வேலையும் இதில் சேரும். "காசே வாங்கவில்லையே" என்று நம்மூர் நியாயம் பேசி மாட்டிக்கொள்ளாதீர்கள். படிப்பின் பகுதியாக மதிப்பெண்ணோடு வரும் பயிற்சி மட்டும் இந்த 20 மணிக்கு வெளியே.

இன்னொன்று, வந்த வாரமே வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். மாணவர் விசாவில் இருந்தாலும் இங்கே பொதுத் தேர்தலில் ஓட்டு உண்டு. 2024 ஜூலை 4 அன்று என் இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டி பிரிட்டன் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். சாவடியில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விரலை நீட்டினேன், மை வைக்கவில்லை. அன்றிரவுதான் ஸ்ட்ராட்போர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் ஜெயித்தார். இந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போன முதல் தமிழ்ப் பெண். அப்பாவுக்கு அந்த நேரத்திலேயே போன் போட்டு எழுப்பினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெஸ்ட்மின்ஸ்டருக்கு, அதாவது லண்டனில் இருக்கும் நாடாளுமன்றத்துக்கு, மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்புவதில் ஹல், லீட்ஸ் இரண்டும் பெயர் பெற்ற பல்கலைக்கழகங்கள். நான் படித்தது வேறொன்று, பெயர் வேண்டாம். மூன்று வருடப் படிப்பு, மூன்றாம் வருடத்தில் ஓர் எம்.பி. அலுவலகத்தில் சில மாதங்கள். 2021 செப்டம்பரில் வந்தேன். 2023 ஏப்ரலில் ஓர் எம்.பி.யின் அலுவலகத்தில் நேர்காணல், அவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டது. அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

மே மாதம் ஒரு படிவம் வந்தது. நாடாளுமன்ற வளாகத்துக்குள் வேலை பார்க்க பாஸ் வேண்டும், பாஸுக்கு சி.டி.சி எனப்படும் பாதுகாப்புச் சோதனை. குடியிருந்த முகவரிகள், பயணங்கள், அப்பா அம்மாவின் பிறந்த தேதி, பிறந்த ஊர் என்று நீள்கிறது. அப்பாவுக்கு இரண்டு பிறந்த தேதி, ஒன்று பாட்டி சொன்னது, ஒன்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்டது. எதை எழுதுவது என்று ஒரு ராத்திரி முழுக்க வீட்டில் பஞ்சாயத்து. என் இனிஷியலை விரித்து எழுதுவதா விடுவதா என்று இன்னொரு ராத்திரி. இதெல்லாம் வீண் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. அந்தச் சோதனைக்கு வழக்கமாக இந்த நாட்டில் குறைந்தது மூன்று வருடம் குடியிருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய வாழ்க்கையைச் சரிபார்க்க அவர்களுக்கு வழி இல்லை. எனக்கு ஆகியிருந்தது 20 மாதம். அதிலும் அம்மாவின் முழங்கால் ஆபரேஷனுக்காக இரண்டு மாதம் மதுரையில் இருந்தேன்.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மூன்று வருடப் படிப்பு, மூன்றாம் வருடத்தில் பயிற்சி, அதற்கு முந்தைய கோடையில் படிவம். வெளிநாட்டிலிருந்து நேராக வருகிற ஒரு பிள்ளைக்கு இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் இடிக்கும். இது பல்கலைக்கழகத்துக்குத் தெரியாதா? கேட்டதற்கு, கையேட்டில் கடைசிப் பக்கத்தில் 'பாதுகாப்பு அனுமதிக்கு உட்பட்டது' என்று இருந்த வரியைக் காட்டினார்கள். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைப் பெரிய எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு இதைப் போடத் தெரியவில்லை.

நம் புத்தி எங்கே போகும்? சிபாரிசு தேடிப் போனேன். லண்டனில் கவுன்சிலராக இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரை நண்பன் மூலம் பிடித்தேன். தேத்தண்ணி தந்து முழுக்கதையும் கேட்டார். "தம்பி, இதில நான் கதைச்சு ஒண்டும் நடக்காது. பிரதமரே கதைச்சாலும் நடக்காது" என்றார். கடுப்பாக இருந்தாலும், அந்தப் பதிலில் எனக்கு ஒரு மரியாதை வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதனால், முன்பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். போனில் கேட்காதீர்கள், எழுத்தில் பதில் வேண்டும். பயிற்சி நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளா, பாஸ் தேவையா, வந்து மூன்று வருடம் ஆகாத மாணவர் எவராவது இதுவரை அங்கே போயிருக்கிறாரா என்று கேளுங்கள். "பொதுவாகப் பிரச்சினை இருக்காது" என்று பதில் வந்தால், பிரச்சினை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ் கிடைக்காவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன, அதற்கும் மதிப்பெண் உண்டா, பயிற்சி கழன்றுபோய்ப் படிப்பின் காலம் குறைந்தால் விசா என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிடுங்கள். பயிற்சி நான்காம் வருடத்தில் வருகிற கோர்ஸ் கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். அப்போதும் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்காதீர்கள். போய்வந்த தேதிகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

எனக்குக் கிடைத்த மாற்று, வடக்கே ஒரு சிறு நகரத்தில் வேறொரு எம்.பி.யின் தொகுதி அலுவலகம். வளாகத்துக்குள் போகிற வேலை இல்லாததால் அந்தப் பாஸ் தேவைப்படவில்லை. கீழே முடிதிருத்தும் கடை, மாடியில் நாங்கள் நான்கு பேர். பூஞ்சை பிடித்த சுவரின் புகைப்படங்களோடு வருகிறவர்கள், மனைவியின் விசாவுக்கு எட்டு மாதமாகக் காத்திருப்பவர்கள். வெள்ளிக்கிழமைகளில் நூலகத்தில் எம்.பி. மக்களை நேரில் பார்ப்பார். அதற்கு இங்கே சர்ஜரி என்று பெயர். "நாளைக்கு சர்ஜரி இருக்கும்மா, பேச முடியாது" என்று சொல்லிவிட்டு போனை அணைத்தேன். காலையில் பார்த்தால் அம்மாவிடமிருந்து பதினேழு மிஸ்டு கால்.

வெஸ்ட்மின்ஸ்டரை நானும் உள்ளே போய்ப் பார்த்தேன், பார்வையாளராக. அதற்கு பாஸ் வேண்டாம். விவாதங்களைக் காண மாடம் திறந்திருக்கும், குழுக்களின் விசாரணைகளிலும் போய் உட்காரலாம். புதன்கிழமை நண்பகல் பிரதமரின் கேள்வி நேரத்துக்கு மட்டும் உங்கள் எம்.பி.யிடம் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு கேட்டு வையுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தால், பச்சை இருக்கைகள் டிவியில் தெரிவதைவிட நெருக்கமாக, சின்னதாக இருக்கின்றன. 650 பேருக்கு அங்கே இடமே இல்லை.

2024 ஜூலையில் பட்டம் வாங்கினேன். மூன்று வருடம் நிறைந்தது செப்டம்பரில்.