எம்டிபியா, இ-சைக்கிளா? முதல் சைக்கிள் வாங்கும் முன்

கடைக்குள் நுழைந்ததும் கண் போவது கொழுத்த டயரும் முன்னும் பின்னும் ஷாக்கும் வைத்த எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் எனும் மலைச் சைக்கிள் மேல்தான். எனக்கும் அப்படித்தான் போனது. வாங்கிய ஜோரில் சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், மூன்றாவதைக்கூடத் தாண்டவில்லை. மிதிக்க மிதிக்கப் பின் ஷாக் அமுங்கி எழுந்தது, என் பலமெல்லாம் ஸ்பிரிங்குக்கே போனது. பாவம், சைக்கிள் மேல் தப்பில்லை.

1. எந்த வழியில் ஓட்டப்போகிறீர்கள்?
தார் ரோடு மட்டும்தான் என்றால் எம்டிபியே வேண்டாம், ரோடு சைக்கிளுக்கும் எம்டிபிக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் போதும். குண்டும் குழியும், ஏரிக்கரை மண்ணும் கலந்து வருமென்றால் முன்னால் மட்டும் ஷாக் உள்ளதாகப் பாருங்கள். லாக்-அவுட் இருக்கட்டும், ஏற்றத்தில் ஷாக்கைப் பூட்டிவிடலாம். குறைந்த விலை சைக்கிளில் பின் ஷாக் வெறும் எடைதான்.

2. வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்
செருப்பில்லாமல், சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே, சீட்டில் உட்கார்ந்தால் படுகிற அளவுக்கு மேலே ஏற்றிப் பிடியுங்கள். அதன் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சில் கோடு. தரையிலிருந்து கோடுவரை உள்ள சென்டிமீட்டரை 0.226-ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு தோராயமாக அங்குலத்தில் வரும். 76 செ.மீ. என்றால் 17 அங்குலம். கடைக்காரர் "சீட்டை ஏத்திக்கலாம் சார்" என்பார். சீட் ஏறும், ஃபிரேம் நீளாது. 26, 27.5, 29 என்று அவர் சொல்வது சக்கர அளவு, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

3. கியரை எண்ணாதீர்கள், சுற்றிப் பாருங்கள்
"21 கியர்" என்ற ஸ்டிக்கர் ஏற்றத்தில் உதவாது. பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, செயினை முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கும் பின்னால் பெரியதுக்கும் மாற்றுங்கள். காற்றடிக்கும் வால்வைக் கீழே நிறுத்தி, பெடலைக் கையால் மெதுவாக ஒரே ஒரு சுற்று சுற்றுங்கள். முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்றால் வால்வு முக்கால் சுற்றுகூட வராது. மலைக்கு அதுதான் வேண்டும். 24-க்கு 28 என்றால் முக்காலைத் தாண்டிப் போய்விடும். அந்த வித்தியாசம் முழங்காலில் தெரியும்.

4. பிரேக்
கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக் போதும். உங்கள் தெரு மெக்கானிக்கே பார்த்துவிடுவார்.

5. மோட்டார் வேண்டுமா?
இந்தியாவில் மோட்டார் வைத்த இ-சைக்கிள் 250 வாட், மணிக்கு 25 கி.மீ. வரம்புக்குள் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். "ஒரு சார்ஜில் 60 கி.மீ." என்ற பேச்சை மட்டும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி மேல் எழுதியிருக்கும் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கவும்: 36 × 10 = 360 வாட்-அவர், பேட்டரியில் இருக்கும் மின்சாரம் இவ்வளவுதான். சமதரையில், நீங்களும் மிதித்தால், கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-அவர் வரை செலவாகும். ஆக 24-லிருந்து 36 கி.மீ. மலை வேறு கணக்கு. ஆள் 75 கிலோ, சைக்கிள் 25 கிலோ. இந்த 100 கிலோவை 1,000 மீட்டர் உயரம் ஏற்றவே சுமார் 270 வாட்-அவர் வேண்டும். மோட்டார் சூடாகி வீணாவதையும் சேர்த்தால் பேட்டரி காலி. ஏற்காடு ஏற்றமோ அதைவிட அதிகம்.

அடிக்கடி மலைக்குப் போவீர்கள் என்றால் சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாரைவிடப் பெடலருகே இருக்கும் மிட் மோட்டார் நல்லது. அது கியரையும் பயன்படுத்திக்கொள்கிறது. விலைதான் கடிக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது மோட்டாரை அணைத்துவிட்டும் ஒரு சுற்று போய் வாருங்கள். மாடி வீடா? பேட்டரி தனியாகக் கழன்று வருமா என்று கேட்டுவிடுங்கள். தினமும் சார்ஜ் போட 25 கிலோவைப் படியேற்ற முடியாது.