ஒரு தட்டு, இரண்டு நீலம்: குழந்தைகளோடு ஹொக்குசாயின் அலை அச்சு

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலை என்ற மரக்கட்டை அச்சுப் படத்தைக் குழந்தைகளிடம் காட்டி, "இதுல மலை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். அலை தெரியும், மூன்று படகுகள் தெரியும். தூரத்தில் குட்டியாக நிற்கும் ஃபூஜியைப் பலரும் இன்னொரு அலை என்றுதான் நினைப்பார்கள். கண்டுபிடித்த பிறகு படத்தை விடமாட்டார்கள்.

கட்சுஷிக்கா ஹொக்குசாய் இதை 1831 வாக்கில், எழுபது வயதை ஒட்டி வரைந்தார். அப்போது ஜப்பானில் பரவிக்கொண்டிருந்த புருஷியன் நீலம் என்ற அடர்நீலச் சாயம்தான் படத்தின் உயிர். அவர் வரைந்ததோடு சரி. மரக்கட்டையில் செதுக்கியவர் வேறு, அச்சடித்தவர் வேறு. அதனால் இந்த அலையைத் தெர்மாகோல் தட்டில் அச்சடிக்கும்போது நானும் பிள்ளைகளை மூன்று மூன்று பேராகப் பிரித்துவிடுவேன். ஒருவர் வரைய, ஒருவர் மை தடவ, ஒருவர் தேய்க்க. சண்டையும் குறையும்.

தேவையானவை: சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி வைத்துத் தரும் வழவழப்பான தெர்மாகோல் தட்டு (மணி மணியாக உதிரும் பெட்டித் தெர்மாகோல் வேண்டாம்), மழுங்கிய பென்சில், வெளிர்நீல, அடர்நீல போஸ்டர் கலர், சின்ன ஸ்பாஞ்ச் ரோலர், ஒரு கரண்டி, தாள். கலரில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டால் சீக்கிரம் காயாது.

வரைதல். தட்டின் ஓரங்களை வெட்டிச் சமமாக்குங்கள். அளவு 15 × 10 செ.மீ. போதும். முதலில் ஒரு துண்டுத் தட்டில் அவரவர் பெயரின் முதலெழுத்தை அழுத்தி அச்சடிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் 'ப' எழுதியவன் தப்பித்தான், 'க' எழுதியவள் "சித்தி, திரும்பிப் போச்சு!" என்று கத்தினாள். அச்சு இடவலம் மாறும் என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

ஜப்பானியச் செதுக்குநர்கள் மெல்லிய தாளில் வரைந்த படத்தை முகம் குப்புறக் கட்டையில் ஒட்டிச் செதுக்கினார்கள். அச்சில் எல்லாம் நேராகிவிடும். நாமும் அப்படியே, டிரேசிங் தாளில் அலையை வரைந்து, கவிழ்த்துத் தட்டின்மேல் வைத்து, தெரியும் கோடுகளின் மேலேயே அழுத்தி வரையலாம். தட்டு கிழியக்கூடாது, பள்ளம் மட்டும் விழ வேண்டும். விரல் நகம் மாதிரி வளைந்த நுரைகளை நிதானமாகப் போடச் சொல்லுங்கள். பள்ளத்தில் மை ஏறாது, அதனால் அவைதான் தாளில் வெள்ளையாக நிற்கும்.

முதல் நீலம். ஓர் அட்டையில் தட்டை வைத்து, சுற்றிப் பென்சில் கோடு போடுங்கள். தாளின் மூலை வந்து உட்காரும் இடத்தில் 'ட' வடிவில் அட்டைத் துண்டு ஒட்டுங்கள். ஜப்பானியர் இதற்காகக் கட்டையிலேயே அடையாளம் வெட்டுவார்கள், அதன் பெயர் கென்டோ. ரோலரால் தட்டின்மேல் வெளிர்நீலத்தை மெல்லிசாகத் தடவுங்கள். அதிகமானால் பள்ளமெல்லாம் நிரம்பி, அலை வெறும் நீலத் திட்டாகிவிடும். தாளை வைத்து, கரண்டியின் முதுகால் வட்ட வட்டமாகத் தேய்த்து, ஒரு மூலையிலிருந்து உரித்தெடுங்கள். ஐந்தாறு பிரதி இப்போதே எடுத்துவிடுங்கள், பிறகு திரும்பி வர வழியில்லை.

இரண்டாம் நீலம். தட்டைக் கழுவித் துடைத்து, வெளிர்நீலமாகவே இருக்க வேண்டிய இடங்களை, அதாவது வானத்தையும் அலையின் பட்டைகளையும், அழுத்திப் பள்ளமாக்குங்கள். மலை அப்படியே இருக்கட்டும். பிரதிகள் காய்ந்ததும் அடர்நீலம் தடவி, தாளை அதே 'ட' மூலையில் வைத்து மறுபடி தேயுங்கள். கொஞ்சம் விலகினால் பரவாயில்லை, அலை ஆடுவது போலவே இருக்கும்.

முதல் பிரதி திட்டுத் திட்டாகத்தான் வரும், மூன்றாவதிலிருந்து தேறும். கொடியில் கிளிப் போட்டு மாட்டும்முன், அடியில் பென்சிலால் மூன்று பேர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், தேய்த்தவர் பெயரையும் சேர்த்து.