ஜேபெக் படங்களைத் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைபேசியிலும் கேமராவிலும் நாம் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை ஜேபெக் கோப்புகளாகவே நம்மிடம் வந்து சேர்கின்றன. 1992இல் தரப்படுத்தப்பட்ட இம்முறை, படத்தை 8×8 பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்விவரங்களைக் கழித்துவிட்டு எஞ்சியதை மட்டுமே எழுதிவைக்கிறது. கழிக்கப்பட்டது கோப்பின் எந்த மூலையிலும் இல்லை. அதை எந்த மென்பொருளாலும் அப்படியே மீட்டுத் தர முடியாது. இதை மறந்து செய்யும் வேலைகளில்தான் படத்தின் தரம் மிகுதியாகக் கெடுகிறது.

அவற்றுள் முதன்மையானது, ஒரே ஜேபெக் கோப்பைத் திறந்து திருத்தி அதன்மீதே சேமிப்பதும், பிறகு அதையே மீண்டும் திறந்து திருத்துவதும் ஆகும். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் படம் புதிதாகச் சுருக்கப்படுகிறது. முந்தைய சுருக்கம் விட்டுச்சென்ற பிசிறுகளையும் படத்தின் உண்மையான விவரங்கள் என்றே மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஓரத்தை வெட்டும்போது பழைய கட்டங்களும் புதிய கட்டங்களும் பொருந்தாமல் விலகிவிட்டால் சேதம் இன்னும் கூடும். நீல வானத்திலும் வெள்ளையடித்த சுவரிலும் பட்டுச்சேலையின் சரிகைக் கரையிலும் இது முதலில் தெரியவரும்: படிப்படியாக மாற வேண்டிய நிறம் கட்டம் கட்டமாக உடையும், கூர்மையான விளிம்புகளைச் சுற்றிக் கொசு மொய்த்தாற்போல் புள்ளிகள் தோன்றும். கோப்பைத் திறந்து பார்ப்பதாலோ நகலெடுப்பதாலோ பெயர் மாற்றுவதாலோ தரம் குறையும் என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

ஆகவே மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நகலை, படத்திருத்த மென்பொருளின் சொந்த வடிவத்திலோ பொதுவாக எதையும் கழிக்காத டிஃப் வடிவத்திலோ சேமித்து வேலை செய்து, எல்லாம் முடிந்த பின் ஒரே ஒரு முறை ஜேபெக்காக மாற்றுவதே முறை. ஜிம்ப் என்னும் இலவசப் படத்திருத்த மென்பொருளில், 2012இல் வந்த 2.8ஆம் பதிப்பு முதல், சேமிப்பதற்கான கட்டளை அதன் சொந்த வடிவத்தில் மட்டுமே சேமிக்கிறது. ஜேபெக் வேண்டுமானால் ஏற்றுமதிக் கட்டளையைத் தனியே கொடுக்க வேண்டும். பலருக்கு இது தொல்லையாகத் தோன்றியது. என் பார்வையில் அந்தத் தொல்லை நன்மைக்கே.

ஜேபெக் படத்தைப் பிஎன்ஜி வடிவத்துக்கு மாற்றினால் தெளிவு கூடிவிடும் என்பது இரண்டாவது மயக்கம். பிஎன்ஜி எதையும் கழிக்காமல் சேமிக்கும் என்பது உண்மையே. ஆனால் ஏற்கெனவே கழிக்கப்பட்ட படத்தை அதனிடம் கொடுத்தால், அந்தக் குறைகளையும் சேர்த்துத்தான் அது பத்திரப்படுத்தும். கோப்பின் அளவு மட்டும் பெரிதாகும். இதற்கு நேர்மாறாக, எழுத்துகள் நிறைந்த திரைப்பிடிப்புகளையும் வருடியெடுத்த சான்றிதழ்களையும் ஜேபெக்காகச் சேமிப்பதும் தவறு. ஜேபெக் பொதுவாக நிறத்தின் விவரத்தை ஒளியளவின் விவரத்தைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்வதால், வண்ண எழுத்துகளின் ஓரம் கசிந்துவிடும். அங்கே பிஎன்ஜியே பொருத்தமானது.

இணையவழி விண்ணப்பங்களில் படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்கும்போது, பலர், சேமிக்கும்போது சுருக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் தர எண்ணை மட்டும் குறைத்துக்கொண்டே போகிறார்கள். 4000×3000 பிக்சல் கொண்ட படத்தில் 1.2 கோடிப் புள்ளிகள் இருக்கின்றன. அதை 50 கேபிக்குள் அடக்கினால் ஏறத்தாழ முப்பது புள்ளிகளுக்கு ஒரு பிட்தான் (தகவலின் மிகச் சிறிய அலகு) கிடைக்கும். முகம் அடையாளம் தெரியாமல் சிதைவதில் வியப்பில்லை. முதலில் படத்தை 400×500 அளவுக்குச் சிறிதாக்கினால், ஒரு புள்ளிக்கு இரண்டு பிட் கிடைத்து, அதே 50 கேபியில் முகம் தெளிவாக நிற்கும். தர எண்ணும் எல்லா மென்பொருளிலும் ஒன்றல்ல: ஃபோட்டோஷாப்பில் ஜேபெக்காகச் சேமிக்கும்போது 0 முதல் 12 வரையும், வேறு பலவற்றில் 0 முதல் 100 வரையும் உண்டு. 100 என்று வைத்தாலும் சிறிதளவு இழப்பு இருக்கவே செய்யும்.

அச்சுக்காக 72 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்னும் அளவு) என்பதை 300 என்று மாற்றினால் போதும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. அந்த எண் ஒரு குறிப்பு மட்டுமே. பிக்சல்களின் எண்ணிக்கையை மாற்றாமல் அதை மட்டும் திருத்தினால் படத்தில் எதுவும் மாறாது. 6×4 அங்குல அச்சுக்கு 300 டிபிஐ வேண்டுமெனில் 1800×1200 பிக்சல் படத்தில் உண்மையாகவே இருக்க வேண்டும்.

இருண்ட படத்தை மிகுதியாக ஒளியேற்ற நேரும்போது ஜேபெக்கை நம்பக் கூடாது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உள்ளன. கேமரா பதிந்ததைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384 உள்ளன. குறைந்த படிகளை இழுத்து நீட்டினால் அந்திவானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மீண்டும் சுருக்கப்படும் என்பதால், ஆல்பம் அச்சிடும் ஸ்டூடியோவுக்கு ஆவணமாக இணைத்து அனுப்புவதே நல்லது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்தது முதல் ஐபோன்களில் வழங்கும் ஹெச்இஐசி என்னும் வேறொரு சுருக்க வடிவப் படங்களை ஜேபெக்காக மாற்றுவோர், மாற்றிய கையோடு மூலக் கோப்புகளை அழித்துவிடக் கூடாது. மாற்றமே ஒரு மறுசுருக்கம் என்பதோடு, பரந்த வண்ண எல்லையில் எடுத்த படத்தின் வண்ணக் குறிப்பை, வடிவம் மாற்றித் தரும் செயலி கைவிட்டுவிட்டால், நிறங்கள் வெளிறிப்போவதும் உண்டு.