23 ஃப்ரேம் வர வேண்டிய கேமரா 2-ல் நின்றால் எங்கே பார்ப்பது?

பாட்டில் லேபிள் சரிபார்க்கும் லைன் ஒன்றில் நெட்வொர்க் கேபிள் வழியாகப் படம் அனுப்பும் 5 மெகாபிக்சல் ஜிகாபிட் கேமரா மாட்டினோம். நொடிக்கு 23 ஃப்ரேம், அதாவது 23 படம், வர வேண்டும், திரையில் 2.3. கேமராவைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றே பேச்சு வந்துவிட்டது. கோளாறு, அன்று காலை நானே கனெக்டரை அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) கேபிளில். அதிலிருந்து இந்த வரிசையில்தான் தேடுகிறேன்.

படி 1: முதலில் கணக்கு

2448 × 2048 சென்சார், பிக்சலுக்கு 8 பிட் என்றால் ஒரு படம் சுமார் 5 மெகாபைட். ஜிகாபிட் லிங்க் என்பது நொடிக்கு 125 மெகாபைட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒட்டி வரும் முகவரி விவரங்கள் (ஹெடர்கள்) தின்றது போக 115 சொச்சம் கிடைக்கும். வகுத்தால் 23. எந்த செட்டிங்கைத் திருகினாலும் முழுப் படத்துக்கு இதற்கு மேல் வராது. அதே படத்தை ஆர்ஜிபி 8-ல் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக அனுப்பும் வடிவம்) எடுத்தால் பிக்சலுக்கு 3 பைட், ஃப்ரேம் ஏழரைக்கு இறங்கிவிடும். கலர் கேமராவா? பேயர் 8 (பிக்சலுக்கு ஒரே நிறம், ஒரே பைட்) வையுங்கள். கலராக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

படி 2: லிங்க் வேகம்

விண்டோஸில் நெட்வொர்க் அடாப்டரின் ஸ்டேட்டஸைத் திறங்கள். 1.0 ஜிபிபிஎஸ் என்று இருக்க வேண்டும். எங்களுடையதில் 100 எம்பிபிஎஸ். ஜிகாபிட்டுக்கு எட்டு ஒயரும் வேண்டும். 100-க்கு நான்கே போதும். நீல ஒயர் கனெக்டரின் முனைவரை போகாமல் ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றிருந்தது. நெட்வொர்க் கார்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிட்டது. படம் வந்துகொண்டே இருந்ததால் கேபிளை யாரும் சந்தேகப்படவில்லை. இப்போதெல்லாம் ரெடிமேட் கேட் 6 கேபிள்தான் வாங்குகிறேன்.

படி 3: எக்ஸ்போஷர்

ஒரு படத்துக்குச் சென்சார் ஒளி வாங்கும் நேரம்தான் எக்ஸ்போஷர். அதை 50 மில்லிசெகண்ட் வைத்தால் நொடிக்கு 20 படத்துக்கு மேல் எடுக்கவே முடியாது. அதைக் குறைத்தால் படம் இருண்டுவிடும். ஈடுகட்ட கெயினை (சிக்னலைப் பெருக்கும் செட்டிங்) கூட்டினால் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் ஏறும். நல்ல லைட் போடுவதே மேல். பகலில் ஓடும் கேமரா சாயங்காலம் மந்தமானால் ஆட்டோ எக்ஸ்போஷர் ஆனில் இருக்கிறதா பாருங்கள்.

படி 4: தேவையான பட்டை மட்டும்

லேபிள் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்தால் போதுமே. சிமாஸ் சென்சார் வரி வரியாகப் படிப்பதால் உயரத்தைக் குறைத்தால் சென்சாரும் வேகமாகும், நெட்வொர்க் சுமையும் குறையும். அகலத்தைக் குறைத்தால் பெரும்பாலும் நெட்வொர்க்குக்கு மட்டுமே லாபம்.

படி 5: பாக்கெட்டும் சுவிட்சும்

பாக்கெட் அளவை 1500-லிருந்து 9000 பைட் அளவுக்கு ஏற்றுங்கள். இவ்வளவு பெரிய பாக்கெட்டை அனுமதிக்கும் ஜம்போ ஃப்ரேம் செட்டிங் கார்டிலும் சுவிட்சிலும் கேமராவிலும் இருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் படமே வராது.

ஒரே சுவிட்சில் இரண்டு கேமரா, அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரே கேபிள் என்றால் படி 1-ல் வந்த அந்த 115 மெகாபைட்டை இரண்டும் பங்குபோட வேண்டும். கேமரா மென்பொருளில் ஒவ்வொன்றின் வேகத்துக்கும் பாதி வரம்பு வையுங்கள். வைக்காவிட்டால் பாக்கெட் தொலைந்து, படத்தில் கறுப்புப் பட்டைகள் வரலாம்.

படி 6: கம்ப்யூட்டர்

படங்களைச் சேமிப்பதை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். ஃப்ரேம் சட்டென்று ஏறினால் இடைஞ்சல் ஹார்ட் டிஸ்க்கிலோ பிஎன்ஜி சுருக்கத்திலோ இருக்கிறது. சுருக்கமில்லாத பிஎம்பி-யாகச் சேமித்துப் பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் எஸ்எஸ்டி வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.