கணவர் பட்டாளத்தில், நாம் ஊரில்: நான் செய்த தவறுகள்

களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்துச் சபைகளில் ஞாயிறு ஆராதனைக்குப் பிள்ளைகளோடு தனியாக வரும் பட்டாளத்து மனைவிகளைப் பார்க்கலாம். பதினொரு வருடம் நானும் அப்படி வந்தவள்தான். எங்களுக்குள் வந்த சிக்கலில் பாதி, நான் சொல்லாமல் விட்டதால் வந்தது.

“அங்கே நிம்மதியாக இருக்கட்டும்” என்று வீட்டுக் கஷ்டத்தை மறைப்பதுதான் பெரிய தவறு. ஓர் ஐப்பசி இடியில் கிணற்று மோட்டார் எரிந்தது. செயினை அடகு வைத்துப் புதிது வாங்கினேன், சுவிட்சையும் அடுக்களைக்குள் மாற்றினேன். போனில் மூச்சுவிடவில்லை. லீவில் வந்தவர் மறுநாள் காலை வாளியோடு பழைய இடத்தில் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் என் கழுத்தைப் பார்த்தார். கடனை அவர் பெரிதாக எடுக்கவில்லை. சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நின்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அதற்காக, இரவு டியூட்டிக்குக் கிளம்புகிறவரிடம் மாமியார் கதையை எடுக்கவும் கூடாது. ஃபீல்டில், அதாவது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத எல்லைப் பக்கத்துப் போஸ்டிங்கில், சிக்னல் இல்லாத நாட்கள் வரும். காஷ்மீர் என்றால் இங்கே வாங்கிய பிரீபெய்டு சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். இது தெரியாமல் “ஏன் கூப்பிடல?” என்று முதல் வாரமே சண்டை போட்டேன்.

சபைக்குள் ஒரு தவறு நடக்கும். பெண்கள் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு என்று புருஷனைப் பற்றிச் சொன்னது, அசனப் பந்தி (சபை விருந்து) முடிவதற்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். போதகர் அம்மாவிடம் தனியாகச் சொன்னால் போதும். வசனத்தை வைத்து அடிப்பதும் வேண்டாம். 1 கொரிந்தியர் 7:5-ஐக் காட்டி, “பிரிந்திருக்கக் கூடாதுன்னு வேதமே சொல்லுது, வேலையை விட்டுட்டு வாங்க” என்று வாதாடினேன். இருவரும் சம்மதித்துச் சில காலம் பிரிந்திருக்கலாம் என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. ஜவானுக்குப் பென்ஷன் கிடைக்க 15 வருட சர்வீஸ் வேண்டும். அவருக்கு அப்போது ஒன்பதுதான் ஆகியிருந்தது.

ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு. ஜம்மு பக்கத்துக் கட்ராவிலிருந்து ஹிம்சாகர் ரயிலில் ஏறினால் ஊர் வரவே கிட்டத்தட்ட மூன்று நாள். வந்த மனிதரைக் கல்யாண வீடு, ரப்பர் தோட்டம், பத்திர ஆபீஸ் என்று நாமே அலைய வைத்துவிடுகிறோம். ஒருமுறை அவர் பையனைப் படிக்கச் சொன்னார். அவன் முதலில் என் முகத்தைப் பார்த்தான். “அப்பா சொல்றாங்கல்லா மக்களே” என்று நான் சொன்ன பிறகே எழுந்தான். அன்றிலிருந்து பள்ளிச் சுற்றுலாவோ புது சைக்கிளோ, எதுவானாலும் “அப்பாகிட்ட போனில் கேளு” என்று ஆக்கிவிட்டேன்.

குடும்பத்தோடு இருக்கக்கூடிய பீஸ் ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் கிடைத்தபோது, பையனின் பள்ளியை மாற்ற மனசில்லாமல் நான் போகவில்லை. அங்கேயும் கேந்திரிய வித்யாலயா இருந்தது. இன்றும் அவர் அதைச் சொல்லிக்காட்டுவார். நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.