ஏலத்தோட்டத்தில் ஏஐ: முடிவைக் கைநழுவ விடும் தவறுகள்

கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக விடியற்காலையில் ஜீப்பில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிறவர்கள் பலரிடம் இப்போது போனில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) இருக்கிறது. இலையைப் படம் எடுத்துக் கேட்டால் தமிழிலேயே பதில் வருகிறது. நல்ல வசதிதான். தோட்டத்து முடிவும் அதோடு சேர்ந்து போனுக்குப் போய்விடுவதுதான் என் கவலை.

பெரிய தவறு, செடியைச் சரியாகப் பார்க்கும் முன்பே கேட்டுவிடுவது. கட்டே என்னும் வைரஸ் நோய் கண்டால் இளம் இலையில் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வெளிர்பச்சைக் கோடுகள் விட்டுவிட்டு ஓடும். மங்கலான படத்தில் அது சத்துக்குறைவு மாதிரியும் தெரியலாம். நுண்ணூட்டம் தெளிக்கச் சொல்லி பதில் வந்து, நாமும் தெளித்துவிட்டுக் காத்திருந்தால், அதற்குள் அசுவினிப் பூச்சி அந்த வைரஸைப் பக்கத்துச் செடிகளுக்குக் கொண்டுபோய்விடும். கட்டேவுக்கு மருந்தே கிடையாது, செடியை வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டியதுதான். ஆகவே முதலில் குருத்தைப் பாருங்கள், சுற்றியுள்ள செடிகளைப் பாருங்கள், வருஷக்கணக்காகக் காய் எடுக்கும் அக்காவிடம் கேளுங்கள். என்ன நோய் என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்தபிறகு ஏஐயிடம் போங்கள். பதிலை முதலில் படித்துவிட்டால் கண் அதற்கு ஏற்றதை மட்டுமே தேடும். பயிற்சி பெற்ற விமானிகளே இப்படிக் கருவியை நம்பித் தவறியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தடுமாறாமல் பேசுவதை வைத்து நம்புவது இன்னொரு தவறு. அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து எழுதும் மென்பொருள் அது, தெரியாததையும் அதே உறுதியோடு சொல்லும். அழுகல் நோய்க்கு அடிக்கும் 1% போர்டோ கலவைக்கு 100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு. ஏஐ வேறு அளவு சொன்னால் கலக்காதீர்கள். மயிலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் ஆராய்ச்சி நிலையமும், பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் நிலையமும் இருக்கின்றன, அங்கே கேளுங்கள்.

முடிவு இயந்திரத்திடம் போவது தோட்டத்தில் மட்டுமல்ல; வங்கியில் கடன் கேட்டுப் போனாலும் "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு" என்கிறார்கள். பேசாமல் திரும்பிவிடாதீர்கள். முழுக்க இயந்திரமே எடுத்த முடிவுக்கு உட்படாமல் இருக்கும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதியின் 22-ஆம் பிரிவு தருகிறது. நமது 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி நேரடியாக ஒன்றும் இல்லை, இருந்திருக்க வேண்டும். ஆனாலும் கடன் விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. மேலாளரிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.